கூட ஆட ஒருவர்: பாரிஸ், 1956

அவையோர் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

1956ஆம் ஆண்டு டென்னிஸைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு செய்தியோடு தொடங்கி அதிலேயே முடித்துவிடுவார்கள். அந்த ஆண்டு பாரிஸில் நடந்த பிரெஞ்சு சாம்பியன்ஷிப்பில் அல்தியா கிப்சன் பெண்கள் ஒற்றையர் பட்டத்தை வென்று, டென்னிஸின் நான்கு பெரும் போட்டிகளான கிராண்ட்ஸ்லாம்களில் ஒன்றில் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் ஆனார் என்பதே அந்தச் செய்தி. அதன் பெருமையைக் குறைக்க நான் இங்கே வரவில்லை. ஆனால் அதே போட்டியில், அதே செந்நிறத் தரையில், ஏஞ்சலா பக்ஸ்டன் என்ற ஆங்கிலப் பெண்ணோடு சேர்ந்து இரட்டையர் பட்டத்தையும் அவர் வென்றார். அந்த இரண்டாவது பட்டத்தைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன். ஒற்றையர் ஆட்டத்துக்குத் திறமையும், போட்டியில் பெயர் சேர்க்கும் அனுமதியும் இருந்தால் போதும். இரட்டையர் ஆட்டத்துக்கோ இன்னொருவர் முன்வந்து "நான் உன்னோடு ஆடுகிறேன்" என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லும்படி எந்தச் சங்கத்தின் விதியும் யாரையும் கட்டாயப்படுத்த முடியாது.

முதலில் அந்தத் தரையைக் கொஞ்சம் பார்ப்போம். பாரிஸின் மேற்கு ஓரத்தில், 1928இல் நாடுகளுக்கிடையேயான டேவிஸ் கோப்பை ஆட்டங்களுக்காகக் கட்டப்பட்ட ரோலண்ட் காரோஸ் மைதானத்தின் ஆடுதளத்தை நாம் களிமண் தரை என்று சொல்கிறோம். உண்மையில் மேலே தெரிவது களிமண்ணே அல்ல. அடியில் கல், அதன்மேல் சரளை, அதற்கும் மேலே நிலக்கரி எரிந்த கசடு, அதன்மேல் நன்றாக இடித்து இறுக்கிய சுண்ணாம்புக்கல் என்று அடுக்கடுக்காகப் போட்டு, கடைசியில் செங்கல்லை மாவாக இடித்து ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கனத்துக்குத் தூவியிருப்பார்கள். அந்தச் சிவப்புத் தூள்தான் நம் கண்ணுக்குத் தெரிகிறது. தண்ணீர் காட்டாமல் விட்டால் அது காற்றில் பறந்துவிடும்; ஆட்டத்துக்கு ஆட்டம் வலைப்பாயை இழுத்துச் சமன் செய்ய வேண்டும்; கோடுகளைத் துடைப்பத்தால் பெருக்க வேண்டும். பந்து விழுந்த இடத்தில் ஒரு தடம் பதியும். ஓடி வருகிறவர் காலை ஊன்றி நிற்காமல் சறுக்கிக்கொண்டே பந்தை எட்டுவார்.

இந்தத் தரையில் பந்து வேகம் இழந்து உயரமாக எகிறும். புல்தரையில் எதிராளியைத் திணறடிக்கும் சர்வீஸ், இங்கே அவருக்கு ஓரடி பின்வாங்கி நின்று திருப்பி அடிக்க நேரம் கொடுத்துவிடும். ஆறடிக்கு ஓரங்குலமே குறைவான உயரமும் பலமான சர்வீஸும் கொண்டு, சர்வீஸ் போட்ட கையோடு வலைக்கு ஓடிவந்து புள்ளியை முடித்துவிடும் கிப்சனைப் போன்ற ஆட்டக்காரருக்கு இது இயல்பாகவே பாதகமான தரை. பக்ஸ்டனின் ஆட்டமோ வேறு வகை. அவரிடம் மின்னல் அடிகள் இல்லை. பொறுமை இருந்தது, பயிற்சியாளர் ஜிம்மி ஜோன்ஸிடம் கற்ற திட்டமிடல் இருந்தது, பத்தாவது பந்தையும் முதல் பந்தைப் போலவே தவறாமல் திருப்பும் நிதானம் இருந்தது. ஒருவர் பின்னால் நின்று பந்தைத் தாங்கிப் பிடிக்க, மற்றவர் வலையருகே நின்று வெட்டி முடிக்கும் இரட்டையர் ஆட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான இணை அமைவது கடினம் என்பது என் எண்ணம்.

ஆனால் அவர்களைச் சேர்த்தது ஆட்டப் பொருத்தம் மட்டும் அல்ல. கிப்சன் 1927இல் தென் கரோலினாவில் பருத்தி விளையும் ஊர்ப்புறத்தில் பிறந்து, நியூயார்க்கின் ஹார்லெமில் தெருவில் ஆடி வளர்ந்தவர். கறுப்பினத்தவருக்கென்று தனியே நடந்த தேசியப் போட்டிகளில் ஆண்டுதோறும் வென்றுகொண்டிருந்த அவருக்கு, அமெரிக்க தேசிய சாம்பியன்ஷிப் நடந்த ஃபாரஸ்ட் ஹில்ஸின் வாசல் 1950வரை திறக்கவில்லை. முன்னாள் சாம்பியன் ஆலிஸ் மார்பிள், ஒரு டென்னிஸ் இதழில் தம் சகாக்களை நோக்கிக் கடுமையாக எழுதிய பிறகுதான் அழைப்பு வந்தது. வாசல் திறந்ததே தவிர, உள்ளே உடைமாற்றும் அறையில் பேச்சுக் கொடுக்க ஆள் இல்லை. 1955இல் ஆட்டத்தையே விட்டுவிட்டு ராணுவத்தில் சேர்ந்துவிடலாம் என்று அவர் எண்ணும் அளவுக்கு மனம் சோர்ந்துபோயிருந்தது.

பக்ஸ்டன் 1934இல் லிவர்பூலில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். இளமையில் சில ஆண்டுகள் தென்னாப்பிரிக்காவில் வளர்ந்து, அங்கிருந்த நிறப்பிரிவினையைச் சிறுமியாகக் கண்ணால் கண்டவர். லண்டனில் ஒரு டென்னிஸ் கிளப்பில் உறுப்பினராக விண்ணப்பித்தபோது, யூதர் என்பதால் இடம் இல்லை என்று கேட்டுத் தெரிந்துகொண்டவர். இந்த இருவரும் முதலில் சந்தித்தது பாரிஸிலும் அல்ல, லண்டனிலும் அல்ல. நம் புது தில்லியில். அமெரிக்க அரசு 1955இன் இறுதியில் நான்கு ஆட்டக்காரர்களை நல்லெண்ணப் பயணமாக ஆசியாவுக்கு அனுப்பியது. பர்மா, இலங்கை, இந்தியா, பாகிஸ்தான், தாய்லாந்து என்று சென்ற அந்தக் குழுவில் கிப்சனும் இருந்தார். தில்லியில் நடந்த போட்டிக்குப் பக்ஸ்டனும் வந்திருந்தார். ராணுவத்தில் சேர நினைத்த ஒரு பெண் மறுபடியும் மட்டையை நம்பத் தொடங்கியதும், அடுத்த ஆண்டின் இணை முளைவிட்டதும் இந்தப் பக்கத்து மண்ணில்தான் என்பதை நினைக்கும்போது எனக்கு ஏற்படும் நெகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை.

அடுத்த வசந்தத்தில் பாரிஸுக்கு வந்த கிப்சனுக்கு இரட்டையர் ஆட்டத்தில் இணை இல்லை. அந்த ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர்களுள் ஒருவர் என்று எல்லோரும் அறிந்திருந்தும் யாரும் கேட்கவில்லை. பக்ஸ்டன் கேட்டார்.

ஒற்றையர் அரையிறுதியில் இந்த இருவருமே எதிரெதிரே நிற்க நேர்ந்தது. பல கேம்கள் சேர்ந்தது ஒரு செட்; மூன்று செட்டில் இரண்டை எடுத்தவர் வெல்வார். முதல் செட்டைப் பக்ஸ்டன் 6-2 என்று எடுக்க, அடுத்த இரண்டையும் 6-0, 6-4 என்று கிப்சன் எடுத்தார். அந்த ஆட்டத்தின் நடுவே கிப்சனின் உள்ளாடைப் பட்டை அறுந்துபோனது. பார்வையாளர்கள் சூழ்ந்திருந்த மைதானத்தில், எதிர்ப்பக்கம் நின்ற பக்ஸ்டன் ஆட்டத்தை விட்டுவிட்டு ஓடிப்போய் அவரை மறைத்து நின்றார். ஓர் இறுதி ஆட்டத்தின் வாசலில் நின்றவர், எதிராளியின் சங்கடம் தமக்குச் சாதகமாகுமா என்று கணக்குப் பார்க்கவில்லை.

இரட்டையர் இறுதி ஆட்டத்தில் இவர்களை எதிர்கொண்டவர்கள் அமெரிக்கர்களான டார்லீன் ஹார்டும் டோரதி ஹெட் நோடும். ஹார்ட் அதற்கு முந்தைய ஆண்டு இதே பாரிஸில் இரட்டையர் பட்டம் வென்றவர். அதற்கு அடுத்த ஆண்டும் வேறோர் இணையுடன் வெல்லப்போகிறவர். நோட் இதே தரையில் 1955இல் ஒற்றையர் இறுதிவரை வந்தவர். சமநிலையில் நிற்கும் செட்டைச் சுருக்கமாக முடித்துவைக்கும் டை-பிரேக் என்ற ஏற்பாடு அன்று இல்லை. ஆறுக்கு ஆறு என்று வந்தால், யாராவது இரண்டு கேம் முன்னிலை பெறும்வரை ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். முதல் செட்டைக் கிப்சன், பக்ஸ்டன் இணை 6-8 என்று இழந்தது. இரண்டாவதை 8-6 என்று மீட்டது. அந்த இடத்தில் நிறுத்திக் கூட்டிப் பாருங்கள்: 28 கேம்கள் முடிந்திருக்கின்றன, பக்கத்துக்குப் பதினான்கு. இவ்வளவு ஓடிய பிறகும் தராசு ஒரு பக்கமும் சாயவில்லை. மூன்றாவது செட் 6-1. பந்து வேகம் குறைந்து வரும் தரையில் நால்வரும் களைத்திருந்த வேளையில், ஒரே ஒரு கேம் மட்டும் விட்டுக்கொடுத்து முடித்தார்கள். அந்த எண்ணில் நான் காண்பது இருவருக்கிடையே முற்றியிருந்த நம்பிக்கையை. ஏனென்றால் இரட்டையர் ஆட்டத்தில் களைப்பு முதலில் தாக்குவது காலை அல்ல, துணையின் மீதுள்ள நம்பிக்கையைத்தான்.

சில வாரங்களில் விம்பிள்டன். அங்கே ஒற்றையரில் கிப்சனைக் கால் இறுதியிலும், பக்ஸ்டனை இறுதியிலும் வீழ்த்தியவர் ஒருவரே: ஷர்லி ஃபிரை. இரட்டையரிலோ இந்த இணை 6-1, 8-6 என்று ஆஸ்திரேலியர்களான ஃபே முல்லரையும் டாஃப்னி சீனியையும் வென்றது. "சிறுபான்மையினர் வென்றனர்" என்று ஓர் ஆங்கில நாளேடு மிகச் சிறிய எழுத்தில் போட்டதாகப் பக்ஸ்டன் பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

அந்த ஆண்டே பக்ஸ்டனின் மணிக்கட்டில் தசைநாண் உறை வீங்கி, 1957இல், இருபத்திரண்டு வயதில், அவருடைய ஆட்டம் முடிந்துவிட்டது. கிப்சன் 1957லும் 1958லும் விம்பிள்டன், அமெரிக்கா இரண்டிலும் ஒற்றையர் பட்டங்களை வென்றார். 1957 விம்பிள்டன் இரட்டையரில் அவருக்கு இணையாக நின்றவர், பாரிஸில் எதிராக நின்ற அதே டார்லீன் ஹார்ட். கேட்க இப்போது ஆட்கள் இருந்தார்கள். ஆனால் அமெச்சூர் காலத்தில் பட்டத்தோடு பணம் வருவதில்லை. வென்ற கோப்பைகளால் வீட்டு வாடகை கொடுக்க முடியவில்லை.

1990களின் நடுவில், நியூ ஜெர்சியின் ஈஸ்ட் ஆரஞ்சில் நோயும் வறுமையுமாகத் தனித்திருந்த கிப்சன், கடல் கடந்து பக்ஸ்டனைத் தொலைபேசியில் அழைத்தார். மருந்துக்கும் வாடகைக்கும் வழியில்லை, இனி வாழ்வதில் பயனில்லை என்றார். பக்ஸ்டன் முதலில் தம்மால் முடிந்ததை அனுப்பினார். பிறகு ஒரு டென்னிஸ் வார இதழுக்குக் கிப்சனின் நிலையைச் சொல்லி, முகவரியும் கொடுத்துக் கடிதம் எழுதினார். கொஞ்ச நாளில் ஈஸ்ட் ஆரஞ்சு வீட்டுத் தபால் பெட்டி, உலகின் பல ஊர்களிலிருந்து காசோலைகளோடு வந்த உறைகளால் நிரம்பி, மூட முடியாமல் நின்றது.