வண்டிச் சத்தம் எங்கிட்டு இருந்து வருதுங்கிறத விடுங்க, எப்ப வருது?

எல்லாருக்கும் வணக்கம். என்னைய மைக் முன்னாடி உக்கார வச்சுட்டாங்க, வண்டிக்கு அடியில படுத்துக்கிட்டுன்னா நல்லாவே பேசுவேன், இங்க கொஞ்சம் தடுமாறுனா பொறுத்துக்கங்க.

கம்பத்துல பட்டறை வச்சிருக்கேன். லோயர்கேம்ப் வழியா குமுளி ஏறுறதும் கம்பம்மெட்டு ஏறுறதுமா நம்ம பக்கம் ஓடுற பழைய பிக்கப்புக கொஞ்ச நஞ்சமில்ல, காலையில ஏலத்தோட்டத்துக்கு உரமூட்டை ஏத்திக்கிட்டுப் போகும், சாயங்காலம் காய் ஏத்திக்கிட்டு எறங்கும். அந்த வண்டிக்காரங்க வந்து நிக்கயில முதல் வார்த்தையே "அண்ணே, வண்டி கூவுது"ன்னுதான் இருக்கும். அங்கிட்டு குமுளிச் சேட்டன்மார் வந்தா "ஒரு மூளல் உண்டு"ம்பாங்க. ரெண்டும் ஒண்ணுதான்னு ரொம்ப நாளா நெனச்சிருந்தேன், ஆனா காதக் குடுத்துக் கேட்டா வேற வேற. கூவுறதுன்னா ஊசி மாதிரி மெல்லிசா ஒரே சுதியில இழுக்குறது, அது கியர் பல்லும் பல்லும் ஒரசுற சத்தம். மூளல்னா அடித்தொண்டையில உறுமுறது, அது பெரும்பாலும் பேரிங், சில நேரம் வெறும் டயரு.

அடுத்து நம்ம ஆளுக சொல்றது, "கியர்பாக்ஸ்ல இருந்துதான்ணே வருது, சீட்டுக்கடியிலயே கேக்குது"ன்னு. அத நம்பாதீங்க. பின்னாடி ஹவுசிங்ல, அதான் பின் ஆக்சில் நடுவுல உருண்டையா இருக்குற கூடு, அதுல பொறக்குற சத்தம், கியர்பாக்ஸையும் அதையும் சேக்குற ஜாயிண்ட் ஷாப்ட்டு, சேஸ், ஃப்ளோர் தகடுன்னு ஏறி வந்து டிரைவர் காலுக்கடியில நிக்கும். நானே ஏமாந்திருக்கேன், பட்டறை போட்ட புதுசுல எங்க மாமா வண்டிக்கு கியர்பாக்ஸ எறக்கி ரெண்டு நாள் பிரிச்சு மேஞ்சுட்டு, ஒண்ணும் இல்லாம திரும்ப மாட்டிக் குடுத்தேன், வண்டி அதே மாதிரி கூவிக்கிட்டே போச்சு, மாமா ஒரு வார்த்தை பேசல, அதான் இன்னும் வலிக்குது.

அதுக்கப்புறம் எங்கிட்டு இருந்துன்னு கேக்குறத விட்டுட்டேன். எப்பன்னுதான் கேப்பேன்.

நின்ன வண்டியில நியூட்ரல்ல வச்சு ஆக்சிலேட்டர் மட்டும் குடுங்க, அப்பவே கூவுனா அது ஆல்டர்னேட்டரா பவர் ஸ்டீயரிங் பம்பா டர்போவான்னு முன்னாடி பாக்கணும், ஸ்டீயரிங்க ஒரு ஓரத்துக்கு ஒடிக்கயில சத்தம் கூடுனா முதல்ல பம்பு ஆயிலப் பாருங்க. நியூட்ரல்ல இருக்குற சத்தம் கிளட்ச்ச மிதிச்சா நின்னுச்சுன்னா கியர்பாக்ஸ் உள்ள இருக்குற பேரிங், மிதிச்சாத்தான் வருதுன்னா கிளட்ச்சத் தள்ளி விடுற ரிலீஸ் பேரிங்.

ஓட்டத்துலதான் வருதுன்னா, தேனி ரோட்டுல சமமான எடத்துல 50ல போங்க, அஞ்சாவது கியர்ல கேட்டுட்டு அதே 50ல நாலாவதுக்கு மாத்துங்க. இஞ்சின் வேகம் மாறுது, சக்கரம் மாறல. சுதியும் மாறலைன்னா சத்தம் கியர்பாக்ஸுக்குப் பின்னாடி. அஞ்சு கியர் பாக்ஸுல நெறைய வண்டிக்கு நாலாவது நேர் கியர், இழுவை பாக்ஸுக்குள்ள பக்கத்துல ஓடுற லே ஷாப்ட்டுப் பல்லு வழியாப் போகாம நேரா பின்னாடி போயிரும், அதனால மத்த கியர்ல எல்லாம் கத்திட்டு நாலாவதுல மட்டும் அடங்குனா தயங்காம பாக்ஸ எறக்கலாம். சத்தம் அப்பவும் வருதான்னு நியூட்ரல்ல உருளவிட்டுப் பாக்குறதும் இந்தச் சமரோட்டுல ஆள் இல்லாத எடத்துல மட்டும்தான், மலையில எறங்கயில யாரும் அந்த வேலை பாக்காதீங்க, பிரேக்கு சூடேறிப் பிடிக்காமப் போய் முன்னாடி போற பஸ்ஸுலதான் நிப்பீங்க.

மலை வேற ஒண்ணுக்கு உதவும். ஹவுசிங் உள்ள இருக்குற பெரிய பல்சக்கரம் கிரௌன், அதச் சுத்தி விடுற சின்னது பினியன். குமுளிக்கு ஏறயில கிரௌன்ல பல்லோட ஒரு முகம் தாங்குது, எறங்கயில ஆக்சிலேட்டர விட்டுட்டு கியர்லயே எறங்குறோம்ல, அப்ப மறு முகம் தாங்குது. ஏறயில மட்டும் கூவுதா, எறங்கயில மட்டுமா, ரெண்டுலயுமா, இதச் சொல்லிட்டீங்கன்னா பாதி வேலை முடிஞ்சுச்சு. ஆக்சிலேட்டர மிதிக்கயில ஒரு மாதிரி, விடயில ஒரு மாதிரின்னு மாறுனா அது கிரௌன் பினியன் பக்கம்தான். ரெண்டுக்கும் அசராம, வளைவுல மட்டும் கூடிக் கொறைஞ்சா வீல் பேரிங். இடது பக்கம் திரும்பயில வண்டியோட எடை வலது பக்கம் சாயும், அப்ப உறுமல் கூடுச்சுன்னா வலது சக்கரத்த ஜாக்கி போட்டு, ஒரு கையால சுத்திக்கிட்டு மறு கைய பட்டை ஸ்பிரிங் மேல வைங்க, காதவிட கை நல்லாச் சொல்லும். தார்ல கத்திட்டு சிமெண்ட் ரோட்டுல வேற மாதிரி ஆகுதுன்னா டயரு, அதுக்கு எந்த மெக்கானிக்கும் வேணாம்.

மாமா வண்டிக்கு வரேன். கடைசியில ஹவுசிங்கத் தொறந்தா ஆயில் பாதிகூட இல்ல, பினியன் பக்கம் ஆயில் வெளிய வராம அடைக்கிற சீல்ல ஒழுகி ஒழுகிப் போயிருச்சு, பேரிங் காய்ஞ்சு ஆட்டம் விட்டுருச்சு. சீல மாத்துனேன், ரெண்டு மாசத்துல திரும்ப ஒழுகல், மறுபடி மாத்துனேன், மறுபடி ஒழுகல், சீல் மட்டம்னு கடைக்காரரோட சண்டைக்கே போயிட்டேன். கோளாறு ஆக்சில் மேல இருக்குற சுண்டுவிரல் மொத்த பிரீதர்ல, அதான் உள்ள இருக்குற காத்து வெளிய போற துவாரம். தோட்டத்துச் சேறு அப்பி அடைச்சுக்கிச்சு, ஹவுசிங் சூடாக ஆக உள்ள காத்து போக வழியில்லாம சீலத் தள்ளிக்கிட்டு ஆயில வெளிய விட்டுருக்கு. ஒரு கம்பிய விட்டுக் குத்தி, டீசல்ல கழுவி மாட்டுனேன், அதுக்கப்புறம் ஒழுகவே இல்ல. மழைக்காலத்துல ஓடையில இறங்கி ஏறுற வண்டிக்கு ஹவுசிங் உள்ள தண்ணியும் போயிரும், ஆயில் பால் ஊத்துன டீ மாதிரி வந்தா அதான்.

பினியன் ஆட்டம் தெரிஞ்ச உடனே பினியன் நட்ட ஒரு பிடி டைட் வச்சு அனுப்புறவங்க இருக்காங்க, எனக்கு அதுல சம்மதமே இல்ல, நட்ட டைட் வைக்கயில உள்ள நசுங்கி அளவு குடுக்குற ஸ்லீவ் இருக்குற வண்டியில ஒரு பிடி கூடுதலாப் போனா பேரிங் சூடாகியே செத்துரும். பல்லு போயிருந்தா கிரௌன் தனியா பினியன் தனியா வாங்காதீங்க, ஜோடியா ஒண்ணோட ஒண்ணு தேய்ச்சு வர்ற சாமான் அது. ஆயிலும் அப்படித்தான், ஹவுசிங்க்கு ஜிஎல் 5ங்கிற தர கியர் ஆயில், பாக்ஸுக்கு கம்பெனி புக்குல என்ன போட்டிருக்கோ அது, கியர் சுலபமா விழ உதவுற பித்தளை ரிங் இருக்குற பாக்ஸுல ஜிஎல் 4 கேட்டிருந்தா மிச்சம் இருக்குன்னு ஹவுசிங் ஆயில ஊத்தாதீங்க.

வருசக்கணக்கா ஒரே மாதிரி மெல்லிசாக் கூவுற பழைய கிரௌன, ஆயில் சரியா இருக்குறவரை நான் தொட மாட்டேன், காசுக்குப் புடிச்ச கேடு. வாரத்துக்கு வாரம் கூடுனாலோ கூவலோட உறுமலும் சேந்தாலோ லோடு ஏத்தாம கொண்டு வாங்க.

வீட்டுலயே ஆயில் மாத்துறவங்களுக்கு ஒண்ணு. கீழ இருக்குற வடிக்கிற நட்டுல கைய வைக்காதீங்க, முதல்ல மேல ஊத்துற நட்டு கழளுதான்னு பாருங்க. போன ஞாயித்துக்கெழமை ஒரு தம்பி ஆயில் பூராத்தையும் வடிச்சுட்டு, மேல் நட்டு துருப்பிடிச்சு அசையாம, கடை எல்லாம் பூட்டுன நேரத்துல எனக்கு போன் போட்டான், வண்டி திங்கக்கெழமை வரைக்கும் அவங்க வீட்டு வாசல்லதான் நின்னுச்சு.