ராஜினாமா கடிதமும் ஒரு பொறையும்

(காட்பாடியில் கிராமங்களில் திருச்சபை ஊழியம் செய்கிறவர்களும் மருத்துவமனைப் பணியாளர்களும் கூடிய மாலைக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் பேசியது. பேச்சை அங்கங்கே கொஞ்சம் திருத்தி எழுதியிருக்கிறோம்.)

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். தம்பி, மைக்கை இன்னும் கொஞ்சம் இறக்கிவிடுங்கள், நான் குள்ளம்.

நோட்டீசில் என் பெயருக்குப் பக்கத்தில் 'தேவசெய்தி' என்று போட்டுவிட்டீர்கள். நான் பிரசங்கியார் இல்லை. 34 வருடம் நர்ஸ் வேலை பார்த்தவள். ஊசி போடத் தெரியும், கட்டுப் போடத் தெரியும். 'சோர்ந்துபோகாதிருங்கள்' என்று தலைப்பைக் கொடுத்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஏனென்றால் நான் நன்றாகச் சோர்ந்துபோனவள். ஒரு தடவை இல்லை, பல தடவை.

நம் சபைகளில் சாட்சி நேரம் என்று ஒன்று இருக்கிறது. எழுந்து நிற்கிறவர்கள் எல்லாரும் ஜெயித்தவர்கள். கடன் தீர்ந்தது, காய்ச்சல் போயிற்று, பையனுக்கு வேலை கிடைத்தது. நல்லதுதான், நானும் கை தட்டியிருக்கிறேன். ஆனால் "எனக்கு ஆறு மாதமாக ஜெபமே வரவில்லை" என்று ஒருவர் எழுந்து சொல்லி நான் கேட்டதில்லை. அப்படிச் சொன்னால் 'விசுவாசக் குறைவு' என்று பேர் வந்துவிடும். இப்படிச் சொல்லிச் சொல்லியே ஊழியக்காரர்களைப் பொய் சொல்லப் பழக்கிவிட்டோம். சபைப் போதகரைக் கேட்போம்: "எப்படி இருக்கிறீர்கள் ஐயரே?" "கர்த்தருடைய கிருபை!" அவர் வீட்டில் அன்றைக்கு அரிசி இருந்ததா என்று யாருக்கும் தெரியாது.

வேலூரில் இருந்துகொண்டு, இங்கே சி.எம்.சி. மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் அம்மாவைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. அவரைப் படத்தில் பார்க்கும்போது, பிறக்கும்போதே அழைப்போடு பிறந்தவர் மாதிரித் தெரியும். அப்படி இல்லை. 1870இல் ராணிப்பேட்டையில் பிறந்தார். தாத்தா மிஷனரி, அப்பா மிஷனரி டாக்டர். சின்னப் பிள்ளையாக இருந்தபோதே இங்கே தாது வருடப் பஞ்சத்தைப் பார்த்தவர். போதும் இந்த ஊர், நான் அமெரிக்காவில் கல்யாணம் செய்துகொண்டு குடும்பமாக இருப்பேன் என்றுதான் நினைத்திருந்தார். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்பதால் திண்டிவனம் வந்தார். அங்கேதான் அந்த ஒரு ராத்திரி. மூன்று வீட்டிலிருந்து மூன்று ஆண்கள் அடுத்தடுத்து வந்தார்கள். மூவர் வீட்டிலும் மனைவி பிரசவ வேதனையில். அப்பா டாக்டர், அவரைக் கூட்டிப்போங்கள் என்றார் ஐடா. ஆண் டாக்டர் வேண்டாம், நீங்கள் வாருங்கள் என்றார்கள். அவருக்கு வைத்தியம் தெரியாது. விடிவதற்குள் அந்த மூன்று பெண்களும் இறந்துபோனார்கள்.

இதை எல்லாப் பிரசங்கத்திலும் சொல்கிறோம், இதோடு நிறுத்தியும் விடுகிறோம். நான் அதற்குப் பின்னால் வந்ததைத்தான் யோசிப்பேன். படித்து முடித்து, 1900இல் டாக்டராக வேலூருக்கு வருகிறார். நியூயார்க் பணக்காரர் ஒருவர், இறந்துபோன தன் மனைவியின் நினைவாக 10,000 டாலர் கொடுத்திருக்கிறார். அப்பா பக்கத்தில் இருந்து பழக்குவார் என்ற தைரியம் வேறு. அதே வருடம் அப்பா இறந்துவிட்டார். வயது முப்பதுகூட ஆகவில்லை, ஆஸ்பத்திரி இன்னும் கட்டவில்லை, பக்கத்தில் சொல்லிக்கொடுக்கவும் ஆள் இல்லை. பங்களாவிலேயே ஒரு சின்ன அறையில் வைத்தியத்தைத் தொடங்கினார். இரண்டு வருடத்தில் 5,000 பேரைப் பார்த்தார் என்று எழுதியிருக்கிறார்கள். அந்த 5,000 பேரில் முதல் பத்துப் பேர் வருவதற்கு முன்னால் அந்த அறையில் உட்கார்ந்திருந்த நாட்களைப் பற்றித்தான் எனக்குக் கேட்க ஆசை.

ஆஸ்பத்திரி 1902இல் வந்தது. 1918இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கியபோது, மூன்று விண்ணப்பம் வந்தாலே அதிர்ஷ்டம் என்றார்கள். வந்தது 151. 1922இல் முதல் அணியில் 14 பேர் தேறி வெளியே வந்தார்கள். சரி, அதோடு கஷ்டம் தீர்ந்ததா? 1938இல் அரசாங்கம் சட்டத்தை மாற்றியது. பழைய டிப்ளமா செல்லாது, பல்கலைக்கழகப் பட்டம்தான் கொடுக்க வேண்டும். அந்த அளவுக்குக் கட்டடமும் இல்லை, ஆசிரியர்களும் இல்லை, பணமும் இல்லை. அம்மாவுக்கு எழுபதை நெருங்குகிற வயது. எனக்கு இப்போது அதே வயது, மாடிப்படி ஏறுவதற்கே யோசிக்கிறேன். அவர் மறுபடி அமெரிக்கா போய் ஊர் ஊராக நிதி கேட்டார். 1942இல் பல்கலைக்கழக அங்கீகாரம் வந்தது.

என் கதைக்கு வருகிறேன். நான் வேலைக்குச் சேர்ந்தபோது இதெல்லாம் வடஆற்காடு, ஒரே மாவட்டம். இப்போது நான்காகிவிட்டது. எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லமாட்டேன், இன்றைக்கு அங்கே இருப்பவர்கள் நல்லவர்கள். மூன்றாவது வருடம், தொழுநோய் வார்டில் நைட் டியூட்டி. வார்டு கணக்கில் ஆறு போர்வை குறைந்தது. நான் எடுக்கவில்லை, யார் எடுத்தார்கள் என்று கேட்கவும் யாருமில்லை, என் சம்பளத்தில் பிடித்துவிட்டார்கள். வீட்டில் ஒன்பது மாதப் பிள்ளை மாமியாரிடம். அன்றைக்கு வெள்ளை யூனிஃபார்ம் பாக்கெட்டில் ராஜினாமா கடிதம். 'சொந்தக் காரணங்களுக்காக' என்று எழுதியிருந்தேன். காரணம் போர்வை என்று எழுத வெட்கமாக இருந்தது.

கடைசிக் கட்டிலில் குடியாத்தத்துப் பெரியவர் ஒருவர். லுங்கி நெய்தவர். விரல்கள் உள்ளே மடங்கிப்போய், நாடா பிடிக்க முடியாமல் தறியை விட்டவர். காலையில் வருகிற டீயை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் துணி வைத்துத்தான் பிடிப்பார். அந்தத் துணியை நான்தான் கொடுத்தேன், ஏனென்றால் அவருக்குச் சூடு தெரியாது, முன்பு ஒரு தடவை வெந்துபோய்த் தோல் உரிந்தபிறகுதான் பார்த்தோம். அன்றைக்கு விடியற்காலையில் நான் கட்டுப் பிரித்துக்கொண்டிருந்தேன். "சிஸ்டர், ராத்திரி சாப்பிடலையா?" என்றார். எப்படித் தெரிந்தது என்று தெரியவில்லை. தலையணைக்கு அடியிலிருந்து காகிதத்தில் சுற்றிய, ரஸ்க் மாதிரியான ஒரு பொறையை எடுத்து, அந்த மடங்கிய கையால் நீட்டினார்.

நான் உடனே வாங்கவில்லை.

இதைச் சொல்லத்தான் வந்தேன் என்றுகூடச் சொல்லலாம். மாத்திரை எடுத்துக்கொள்கிறவரிடமிருந்து இந்த நோய் அப்படித் தொற்றாது என்று பரீட்சையில் எழுதித் தேறியவள் நான். வாரம் ஒரு நாள் வார்டு ஜெபத்தில் இயேசு குஷ்டரோகியைத் தொட்டார் என்று வாசிக்கிறவளும் நான்தான். என் கை போகவில்லை. அவர் அதைப் பார்த்துவிட்டார். கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை. "டீயில் நனைத்துச் சாப்பிடுங்கள், கல்லு மாதிரி இருக்கும்" என்றார். அப்புறம் வாங்கினேன். கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்து, நனைத்து, சாப்பிட்டேன். பசியில் அது எவ்வளவு ருசியாக இருந்தது என்று இன்னும் நாக்கில் இருக்கிறது.

கடிதம் என்னாயிற்று? யூனிஃபார்மோடு சலவைக்குப் போய் கூழாகத் திரும்பி வந்தது. அதன் பிறகு எழுதவே இல்லை என்று சொன்னால் சாட்சி நன்றாக இருக்கும். எழுதினேன். இன்னும் இரண்டு தடவை எழுதினேன்.

வேதத்தில் வரும் எலியா தீர்க்கதரிசியின் கதை உங்களுக்குத் தெரியும். கர்மேல் பர்வதத்தில் அக்கினியை இறக்கியவர், அடுத்த அதிகாரத்தில் யேசபேல் ராணியின் ஒரு வார்த்தைக்குப் பயந்து ஓடுகிறார். வேலைக்காரனைப் பெயெர்செபாவில் விட்டுவிட்டுத் தனியாகப் போகிறார். அதுதான் முதல் தப்பு என்பேன், சோர்ந்திருக்கும்போது கூட ஒரு ஆள் வேண்டும். சூரைச்செடியின் கீழே படுத்து, போதும் கர்த்தாவே, என்னை எடுத்துக்கொள்ளும் என்கிறார். எனக்குச் சூரைச்செடி தெரியாது. பாலாற்றங்கரையில் மண்டிக்கிடக்கிற வேலிக்காத்தான்தான் மனதில் வரும், நிழலும் இருக்காது, முள் வேறு. அங்கே தூதன் வந்து என்ன செய்தான்? பிரசங்கம் பண்ணவில்லை. உன் விசுவாசம் எங்கே என்று கேட்கவில்லை. எழுந்து சாப்பிடு என்றான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும். சாப்பிட்டார், மறுபடி படுத்துவிட்டார். மறுபடி எழுப்பினான், மறுபடி சாப்பாடு. பிரயாணம் தூரம், அதனால் சாப்பிடு என்றான். கேள்வி கேட்டதெல்லாம் ஓரேப் மலைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான். நாற்பது நாள் கழித்து.

நம் தலைவர்களும் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள், அதனால் இதைச் சொல்லிவிடுகிறேன். உபதேசியாருக்கு நாலு மாதம் சம்பள பாக்கி வைத்துவிட்டு, நிலைத்திருங்கள் என்று அவருக்கே செய்தி கொடுக்கக் கூடாது. முதலில் அடை, அப்புறம் ஓரேப். வேதத்தில் வரிசை அப்படித்தான் இருக்கிறது.

நான் தொழுநோய் வார்டில் கற்றுக்கொண்ட இன்னொன்று. 1946இல் வேலூருக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், இந்த நோயாளிகளின் விரல்கள் ஏன் போகின்றன என்று பார்த்தார். நோயே விரலைத் தின்றுவிடுகிறது என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். அது இல்லை. நோய் நரம்பைக் கெடுக்கிறது, உணர்ச்சி போய்விடுகிறது. சூடான பாத்திரம் சுட்டாலும் தெரியாது, ஆணி குத்தினாலும் தெரியாது, புண் வந்தாலும் அதே கையால் வேலை செய்வார்கள். அப்படித்தான் விரல் போகிறது. வலிக்கிற கையை மனிதன் தானாகவே பத்திரமாக வைத்துக்கொள்வான்.

அதனால் எனக்கு அழுகிற ஊழியக்காரரைப் பார்த்துப் பயம் இல்லை. "முடியவில்லை அக்கா" என்று போன் பண்ணுகிற பிள்ளைக்கு இன்னும் உணர்ச்சி இருக்கிறது. முப்பது வருடமாக எதுவுமே உறுத்தாமல், ஆராதனை, காணிக்கை, கமிட்டி, கையெழுத்து என்று ஓடிக்கொண்டிருக்கிறவர்களைப் பார்த்தால்தான் எனக்குக் கையைத் திருப்பிப் பார்க்கத் தோன்றும், எங்கேயாவது புண் இருக்கிறதா என்று.

பிராண்டோடு சேர்த்து டாக்டர் மேரி வர்கீஸையும் சொல்ல வேண்டும். கேரளத்துப் பெண், இங்கேயே படித்து டாக்டரானவர். 1954இல் கார் விபத்து. இடுப்புக்குக் கீழே அசைவு இல்லை. இளம் டாக்டர், இனி நிற்கவே முடியாது. அவர் உடனே துதி பாடினார் என்று நான் சொல்லப்போவதில்லை. தொழுநோயாளிகளின் கையை உட்கார்ந்தபடியே அறுவை செய்யலாமே என்றார் பிராண்ட். சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, மடங்கிய விரல்களை நிமிர்த்தும் அறுவைகளைச் செய்தார் மேரி. பிறகு நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்து வந்து, அந்தத் துறையை இங்கே கட்டினார். 1966இல் பாகாயத்தில் மறுவாழ்வு மையம் வந்தது. முதுகுத்தண்டு அடிபட்டு வருகிறவர்களுக்கு, தங்களைப் போலவே நாற்காலியில் வருகிற டாக்டர் கிடைத்தார். எனக்கு அதில் பிடித்தது அந்த முதல் படிதான். 'உட்கார்ந்தபடி செய்யக்கூடிய வேலை எது?' அழைப்பு முழுவதையும் அன்றைக்கே புரிந்துகொள்ள வேண்டும் என்று யாரும் அவரைக் கேட்கவில்லை.

ஜெபம் வராத நாட்களைப் பற்றிக் கேள்விச்சீட்டில் ஒருவர் எழுதியிருக்கிறார். பேர் போடவில்லை, நல்லது. எங்கள் ஆயா கோடையில் பாலாற்றில் ஊற்று தோண்டுவாள். மேலே மணல் காலைச் சுடும். முழங்கை ஆழம் தோண்டினால் ஈரம், இன்னும் கொஞ்சம் போனால் தண்ணீர் கசியும். முதலில் வருவது கலங்கல். கொட்டாங்கச்சியால் அதை மொண்டு வெளியே கொட்டிவிட்டு, ஓரத்தில் உட்கார்ந்து வெற்றிலை போடுவாள். நான் அவசரப்பட்டு மொண்டால் கையில் ஒன்று வைப்பாள். தெளிகிற வரைக்கும் காத்திருந்துதான் குடம் நிரப்புவாள். நம்மில் பலர் கலங்கலைப் பார்த்ததும் எழுந்து போய்விடுகிறோம். முறையீடு, கோபம், போர்வைக் கணக்கு எல்லாம்தான் முதலில் வரும். அதைக் கர்த்தரிடமே கொட்டுங்கள். சங்கீதத்தில் தாவீது கொட்டாததையா நாம் கொட்டப்போகிறோம்?

மணி ஆகிவிட்டது, ஒடுகத்தூர் பக்கம் போகிறவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறீர்கள். ஐயர் ஜெபித்து முடிக்கட்டும். அப்புறம் யாரும் உடனே ஓட வேண்டாம். பின்னால் டீ சொல்லியிருக்கிறேன், ஒரு பை நிறையப் பொறையும் வாங்கி வந்திருக்கிறேன். உங்களுக்கு நீங்களே எடுத்துக்கொள்ளாதீர்கள். பக்கத்தில் இருப்பவருக்கு ஒன்று எடுத்துக் கொடுத்து, ராத்திரி சாப்பிட்டீர்களா, நன்றாகத் தூங்கினீர்களா என்று கேளுங்கள். அவர் "கர்த்தருடைய கிருபை" என்றால், இன்னொரு தடவை கேளுங்கள்.