பொள்ளாச்சிக்குப் பக்கம், பாலக்காட்டுக்குக் கிழக்கே

கோவை வானொலி நேயர்களுக்கு என் வணக்கம்.

"நீங்க எந்த ஊருங்க?" என்று யாராவது கேட்டால், ரொம்ப காலம் நான் நேரான பதில் சொன்னதில்லை. கோயமுத்தூரில் கேட்டால் "பொள்ளாச்சிக்குப் பக்கம்" என்பேன். திருவனந்தபுரத்தில் கேட்டால் "பாலக்காட்டுக்குக் கிழக்கே" என்பேன். இரண்டும் பொய்யில்லை. ஆனால் இரண்டு பதிலிலும் எங்கள் ஊரின் பெயர் இருக்காது.

என் ஊர் பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறையை ஒட்டிய ஒரு கிராமம். மாநிலம் கேரளம். வீட்டில் பேசுவது தமிழ், அதுவும் கொங்குத் தமிழ். தமிழ் வழிப் பள்ளியில் படித்து, தமிழ் வழிப் பள்ளியிலேயே ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றேன். கேரள அரசு எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே பாடப் புத்தகம் அச்சடித்துத் தருகிறது, பத்தாம் வகுப்புப் பரீட்சையையும் தமிழிலேயே எழுதலாம். இதைக் கோயமுத்தூரில் சொன்னால் பலருக்கும் ஆச்சரியம். எங்கள் ஊருக்கும் உங்கள் உக்கடத்துக்கும் நடுவே இருப்பது ஒரு மணி நேரச் சொச்சம் பஸ் பயணம்தான்.

ஊர்ப் பெயரை ஏன் சொல்லாமல் இருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இளவயதில் கோயமுத்தூரில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். ஊரைச் சொன்னதும் பக்கத்தில் இருந்த அம்மா, "கேரளாவா? தமிழ் நல்லா பேசறீங்களே!" என்று பாராட்டினார். என் தாய்மொழியை நான் நன்றாகப் பேசுகிறேன் என்று பாராட்டு! வீடு வரும்வரை அது மனசில் உறுத்திக்கொண்டே இருந்தது. பிறகு ஒருமுறை ஆசிரியர் பயிற்சிக்காகத் தெற்கே போனபோது, என் மலையாளத்தைக் கேட்ட ஒருவர் "பாண்டியா?" என்றார். தமிழர்களை அங்கே சிலர் அப்படிச் சொல்வதுண்டு. அன்றைக்கு முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதற்கப்புறம்தான் பெரிய ஊர்களின் பெயருக்குப் பின்னால் நிற்கும் பழக்கம் வந்தது.

அந்தப் பழக்கத்தை மாற்றியது என் வகுப்பில் படித்த ஒரு பெண்.

தமிழ்நாட்டில் கடற்கரையோரப் பள்ளி ஒன்றில் என் தோழி ஆசிரியையாக இருந்தாள். இரண்டு பள்ளிப் பிள்ளைகளும் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதட்டும் என்று நாங்கள் இருவரும் பேசி முடிவு செய்தோம். தலைப்பு, "எங்கள் ஊர்". எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரி எழுதிக்கொண்டு வந்தார்கள். "எங்கள் ஊர் இயற்கை எழில் கொஞ்சும் ஊர். ஊரைச் சுற்றிலும் பச்சைப் பசேல் என்று வயல்கள் உள்ளன." தமிழ்நாட்டில் எந்த ஊருக்கும், கேரளத்தில் எந்த ஊருக்கும் இது பொருந்தும். நான் ஒன்றையும் தபாலில் போடவில்லை. "அந்தப் பிள்ளை கண்ணை மூடினா உங்க ஊரு தெரியணும், மறுபடி எழுதுங்க" என்று சொன்னேன்.

மறுநாள் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி கொண்டுவந்த கடிதம் எனக்கு இன்னும் மனப்பாடம்.

"எங்க ஊருக்குத் தண்ணி ஆழியாத்துல இருந்து வரும். வாய்க்கால்ல தண்ணி வர்றப்ப முதல்ல தண்ணி தெரியாது. காஞ்ச சருகும் நுரையும்தான் வரும். அதுக்குப் பின்னாடிதான் தண்ணி. தண்ணி வந்தா எங்கம்மா நாத்து நடப் போகும். வரலைன்னா பொள்ளாச்சிப் பக்கம் கொப்பரைக் களத்துக்கு வேலைக்குப் போகும்."

பேச்சு வழக்கில் எழுதியிருக்கிறாளே என்று சிவப்புப் பேனாவை எடுத்தேன். ஒரு எழுத்தைக்கூடத் திருத்த மனசு வரவில்லை. நான் அத்தனை வருசம் சொல்லத் தெரியாமல் விழுங்கிய ஊர் அந்த ஐந்தாறு வரியில் முழுசாக இருந்தது.

அந்தக் கடற்கரைப் பிள்ளையிடமிருந்து பதில் வந்தது. "மடை என்றால் என்ன? உன் தோழிகளின் ஊர்ப் பெயரில் எல்லாம் மடை வருகிறதே?" என்று கேட்டிருந்தான். கடிதங்களின் தலைப்பில் இருந்த முகவரிகளைப் பார்த்துக் கேட்டிருக்கிறான். வண்ணாமடை, மூங்கில்மடை, முதலமடை, பிளாச்சிமடை. எனக்கே அப்போதுதான் உறைத்தது. மடை என்பது வாய்க்காலிலிருந்து வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் வாய். சாயங்காலம் மண்வெட்டியோடு போய் மண்ணை வெட்டிவிட்டால் தண்ணீர் பாயும், காலையில் போய் மண்ணை அணைத்தால் நிற்கும். ஊர்ப் பெயர்களிலேயே தண்ணீர் திறக்கும் வாய் இருக்கிறது. அதே பக்கத்தில் ஓடுகிற ஓர் ஆற்றின் பெயர் வரட்டாறு. தண்ணீரின் அருமை தெரிந்தவர்கள்தான் இப்படிப் பெயர் வைத்திருக்க முடியும்.

கேரளம் என்றால் அடைமழை, ஆறு, காயல் என்று நினைப்பவர்களுக்கு எங்கள் பகுதி புரியாது. நாங்கள் பாலக்காட்டுக் கணவாயின் வாயில் இருக்கிறோம். வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை, நடுவே ஏறத்தாழ 30 கிலோமீட்டருக்கு மலையே கிடையாது. மற்ற ஊர்களில் கொட்டும் மழை எங்களுக்கு வந்து சேரும்போது குறைந்துவிடும். கேரளத்தில் கரிசல் மண்ணைப் பார்க்கவேண்டும் என்றால் எங்கள் சித்தூர்ப் பக்கம்தான் வரவேண்டும். எங்கள் அப்பா அதில் பருத்தியும் நிலக்கடலையும் போட்டார். இப்போது பெரும்பாலும் தென்னை.

அதனால் எங்களுக்கு ஆழியாறுதான் கதி. உங்களில் பலர் ஆழியாறு அணைக்குப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய், பூங்காவில் உட்கார்ந்து, மீன் வறுவல் சாப்பிட்டுவிட்டு வந்திருப்பீர்கள். அந்த அணையைப் பார்க்கும்போது எங்கள் ஊர்க்காரருக்கு உலை வைக்கிற பானை ஞாபகம்தான் வரும். பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தம் 1970இல் கையெழுத்தானது. அதன்படி வருசத்துக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் மணக்கடவு வழியாக எங்கள் சித்தூர் ஆற்றுக்கு வரவேண்டும். ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. மணக்கடவு தாண்டி மூலத்தறைக்கு வரும் தண்ணீரை அங்கே தடுத்து இரண்டு பக்க வாய்க்கால்களிலும் விடுவார்கள். மழை குறைந்த வருசங்களில் தண்ணீர் வேண்டும் என்று எங்கள் விவசாயிகள் ரோட்டில் உட்காருவார்கள், எங்களுக்கே போதவில்லை என்று பொள்ளாச்சி விவசாயிகளும் உட்காருவார்கள். இருவரையும் எனக்குத் தெரியும். என் பெரியப்பா மகன் இங்கே உட்கார்ந்திருப்பார், என் நாத்தனார் வீட்டுக்காரர் அங்கே உட்கார்ந்திருப்பார். பொங்கலுக்கு இருவரும் ஒரே பந்தியில் சாப்பிடுவார்கள்.

வாய்க்காலுக்குப் போனது போக மிச்சத் தண்ணீர் சித்தூர் ஊரை ஒட்டி ஓடும். அங்கே அந்த ஆற்றுக்குச் சோகநாசினி என்று பெயர். மலையாள மொழியின் தந்தை என்று போற்றப்படும் துஞ்சத்து எழுத்தச்சன் கடைசிக் காலத்தில் வந்து தங்கியது அதன் கரையில்தான். அந்தப் பெயரை வைத்ததும் அவரே என்பார்கள். பொள்ளாச்சி வழி வந்த தண்ணீர் அவருடைய மடத்தைத் தொட்டுக்கொண்டு, பாரதப்புழையில் கலந்து, பொன்னானியில் கடலுக்குப் போகிறது. இதை என் பிள்ளைகள் அந்தப் பையனுக்கு எழுதினார்கள். "எங்க ஆறும் கடலுக்குத்தான் போகுது. ஆனா உன் கடலுக்கு இல்லை."

அப்புறம் காற்று. கார்த்திகை பிறந்துவிட்டால் கிழக்கே உங்கள் பக்கமிருந்து கணவாய் வழியாக எங்களைத் தாண்டிக் காற்று போகும். கார்த்திகை மாதத்துக்கு மலையாளத்தில் விருச்சிகம் என்று பெயர், அதனால் திருச்சூர்க்காரர்கள் அதை விருச்சிகக் காற்று என்பார்கள். அவர்களுக்கு அது காற்று மட்டும்தான். எங்களுக்கு அது உதடு வெடிக்கும், கொடியில் போட்ட துணி அடுத்த வீட்டுக்குப் போகும், கூரை ஓடு இரவெல்லாம் பேசும். தீபத்தன்று வாசலில் விளக்கு நிற்காது. எங்கள் அம்மா ஒவ்வொரு அகலுக்கும் பின்னால் ஒரு கொட்டாங்கச்சியை நிறுத்தி வைப்பார். திண்ணையின் இரண்டு ஓரத்திலும் முறத்தைச் சாய்த்து வைப்பார். அப்படியும் பாதி அணையும். நாங்கள் பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து கையைக் குவித்துக் காத்துக்கொண்டிருப்போம். ஆடியில் அதே காற்று திரும்பி மேற்கிலிருந்து உங்களுக்கு வரும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று நீங்கள் சொல்லும்போது, அந்தக் காற்று எங்கள் முற்றத்தைக் கடந்துதான் வந்திருக்கிறது.

எங்கள் வீட்டுச் சுவரில் எப்போதும் இரண்டு காலண்டர் தொங்கும். ஒன்று தமிழ்த் தினத்தாள், ஒன்று மலையாள மாதத்தாள். நல்ல நாள் பார்க்க ஒன்று, பள்ளி விடுமுறை பார்க்க ஒன்று. ஆவணி ஒன்றாம் தேதி மலையாளக் காலண்டரில் சிங்க மாதம் ஒன்று, கேரளத்தில் அன்றைக்கு வருசப் பிறப்பு. எங்கள் பிள்ளைகள் இரண்டையும் பார்த்தே வளர்ந்தவர்கள்.

சித்தூர் பகவதி கோவிலில் கும்ப மாதத்தில் கொங்கன்படை என்ற திருவிழா நடக்கும். கொங்கு நாட்டரசன் படையெடுத்து வந்ததாகவும், பகவதியே எதிர் நின்று ஊரைக் காத்ததாகவும் கதை. எங்கள் வகுப்பிலிருந்து எல்லோரும் போவோம். ஒரு வருசம் ஒரு பையன் திரும்பி வரும் வழியில் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டான். "டீச்சர், நம்ம பேசறது கொங்குத் தமிழ்னு சொன்னீங்க. அப்ப நாம எந்தப் பக்கம்?" நான் யோசிக்கவே இல்லை. "பகவதி பக்கம்தான் கண்ணு. நாம இந்த ஊரு" என்றேன். அங்கே வெடிச் சத்தத்துக்கு நடுவே நிற்கும்போது எங்களை யாரும் தோற்ற படையின் ஆட்களாகப் பார்த்ததில்லை.

கோயமுத்தூர்க்காரர்கள் எங்கள் எல்லையை லாட்டரிக் கடையையும் கள்ளுக்கடையையும் செக்போஸ்டையும் வைத்துத்தான் அறிந்திருக்கிறார்கள். கோபாலபுரத்திலும் வேலந்தாவளத்திலும் வரிசையாக லாட்டரிக் கடை இருப்பது உண்மை. கள்ளைப் பற்றிக் கேட்பவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான். தமிழ்நாட்டில் 1987இல் கள் இறக்கத் தடை வந்தது, எங்களிடம் அது இன்றும் ஒரு வேலை. மரமேறுகிறவருக்குக் கேரளத்தில் நல நிதி உண்டு. விடியுமுன்னே பாளை சீவப் போகிறவரின் பிள்ளைகள் என் வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்து படித்தார்கள்.

பிளாச்சிமடையை உங்களில் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2000ஆம் ஆண்டு அங்கே ஒரு குளிர்பான ஆலை வந்தது. கிணற்றுத் தண்ணீர் கெட்டுப்போனது என்று 2002இல் ஊர் மக்கள் ஆலை வாசலில் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். முன்னே நின்றவர் மயிலம்மா, எரவாளர் என்ற பழங்குடியைச் சேர்ந்தவர். 2004இல் ஆலை மூடப்பட்டது. 2007இல் மயிலம்மா காலமானார். எங்கெங்கிருந்தோ வந்தவர்களிடம் அவர் பேசியது தன் கிணற்றைப் பற்றித்தான், தன் ஊர்ப் பெண்கள் குடத்தோடு எவ்வளவு தூரம் நடக்கிறார்கள் என்பதைப் பற்றித்தான். பொள்ளாச்சிக்குப் பக்கம் என்றோ பாலக்காட்டுக்குக் கிழக்கே என்றோ அவர் ஊரைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பிளாச்சிமடை என்றாலே உலகத்துக்குத் தெரிந்தது.

நான் வேலையில் சேர்ந்தபோது என் வகுப்பில் 40 பிள்ளைகள். ஓய்வு பெற்ற வருசம் 11 பேர். வேறு பள்ளிக்கு அனுப்புகிற பெற்றோர்களை நான் குறை சொல்லமாட்டேன், அவர்களுக்கும் பிள்ளையின் வேலை பற்றிய கவலை இருக்கிறது. ஆனால் மடை, நாற்று, சருகு என்ற சொற்களோடு தன் ஊரைச் சொல்லத் தெரிந்த பிள்ளைகள் குறைந்துகொண்டே வருகிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு வயிறு கலங்குகிறது.

அந்தக் கடிதம் எழுதிய பெண் கல்யாணமாகி இப்போது உங்கள் கோயமுத்தூரில்தான் இருக்கிறாள், சிங்காநல்லூர்ப் பக்கம். அம்மா தவறிவிட்டார், வயலும் கைமாறிவிட்டது. ஆனாலும் தண்ணீர் திறக்கும் சமயம் வந்தால் எனக்குப் போன் செய்வாள். "டீச்சர், தண்ணி வந்துருச்சுங்களா?" இந்த முறை அவள் கேட்டபோது எனக்குத் தெரியவில்லை. "இரு கண்ணு, பார்த்துட்டுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு, வெயில் தாழ்ந்ததும் வாய்க்கால் கரைக்குப் போனேன். ஏற்கெனவே நாலைந்து பிள்ளைகள் அங்கே குந்தியிருந்தார்கள். வாய்க்கால் காய்ந்துதான் கிடந்தது. கொஞ்ச நேரத்தில் வளைவுக்கு அப்பால் சரசரவென்று சத்தம் கேட்டது. பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். முதலில் சருகு வந்தது, அதன் மேலே நுரை. நான் போனை எடுத்தேன்.

வணக்கம்.