டிக்கெட் போட்ட கையோடு ஊசிக்கும் நாள் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம். வெளிநாடு போகிறவர்களுக்குத் தடுப்பூசி போடும் மருத்துவர் நான். என்னிடம் வருகிற பலர் பெட்டியைக் கட்டி முடித்துவிட்டுத்தான் வருகிறார்கள். "நாளை மறுநாள் கானாவுக்கு விமானம், மஞ்சள் காய்ச்சல் ஊசி போடணும்" என்று ஒருவர் வந்து நின்றார். ஊசி அன்றே போட்டாயிற்று. ஆனால் அதோடு தருகிற மஞ்சள் அட்டை, அதாவது போகிற நாட்டில் காட்ட வேண்டிய ஊசிச் சான்று, 10 நாள் கழித்துத்தான் செல்லுபடியாகும். எதிர்ப்பு சக்தி உருவாக அவ்வளவு நாள் வேண்டும். மனிதர் டிக்கெட்டை மாற்றிக்கொண்டார்.

ஒரு நல்ல சேதி. 2016 ஜூலையிலிருந்து அந்த அட்டை ஆயுளுக்கும் செல்லும். பழைய அட்டையில் 10 வருடம் என்று எழுதியிருந்தாலும் அப்படித்தான். வீரியம் குறைத்த உயிருள்ள கிருமிதான் இந்த ஊசியில் இருக்கிறது. அதனால் கைக்குழந்தை, நோய் எதிர்ப்பு சக்தி குறைந்தவர், முட்டை கடுமையாக ஒத்துக்கொள்ளாதவர், 60 வயதைத் தாண்டியவர் எல்லாம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். டைபாய்டு, மஞ்சள் காமாலை ஊசிகளும் இருக்கின்றன. புறப்பட 4 முதல் 6 வாரம் இருக்கும்போதே வந்துவிட்டால் எல்லாவற்றுக்கும் நேரம் கிடைக்கும்.

மலேரியாவுக்குப் பயணிகள் நம்புவது மாத்திரையைத்தான். இதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். ஊர் திரும்பியதும், "கொசுதான் இங்கே இல்லையே" என்று மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். கடைசி நாள் கடித்த கொசு விட்ட கிருமி, முதலில் ஈரலுக்குள் போய் ஒரு வாரமாவது ஒளிந்திருக்கும். ரத்தத்துக்கு அது வெளியே வரும்போது மருந்து காத்திருக்க வேண்டும். டாக்ஸிசைக்ளின் என்றால் திரும்பிய பிறகும் 4 வாரம் போட வேண்டும். சில மாத்திரைகள் ஈரலிலேயே கிருமியைத் தாக்கும். அவற்றுக்கு 7 நாள் போதும்.

மலேரியா கொசு இரவில் கடிக்கும், அதற்கு வலை. டெங்கு கொசு பகலில் கடிக்கும், அதற்குக் கொசு விரட்டிக் களிம்பு. வெயிலுக்கான கிரீமும் பூசுகிறவர்கள் அதை முதலில் பூசி, அப்புறம் களிம்பைத் தடவுங்கள்.

நாயோ குரங்கோ கடித்தால், கீறினால், சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்தே கழுவுங்கள். நாம் நினைப்பதைவிட அது நீண்ட நேரம். முன்பே வெறிநாய்க்கடி ஊசி போட்டவரும் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

திரும்பி வந்து சில மாதங்களுக்குள் காய்ச்சல் வந்தால், எங்கே போய் வந்தீர்கள் என்பதை மருத்துவர் கேட்பதற்கு முன்பே சொல்லுங்கள். மலேரியாவுக்கு அன்றே ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். முதல் தடவை கிருமி தெரியாவிட்டாலும் மறுபடி ரத்தம் கேட்பார்கள். சலித்துக்கொள்ளாமல் கொடுங்கள். வணக்கம்.