குடத்துக்கு வேறு பெயர் உண்டா?

நேயர்களுக்கு வணக்கம்.

கி.பி. 203. வட ஆப்பிரிக்காவில் ரோமையர் ஆண்ட கார்த்தேஜ் நகரம். இன்றைய துனிசியாவில் இருக்கிறது. காவலில் வைக்கப்பட்ட மகளைத் தேடி ஒரு தந்தை வருகிறார். மகள் அங்கே இருந்த குடத்தைக் காட்டிக் கேட்கிறாள்: "அப்பா, இதற்கு வேறு பெயர் சொல்ல முடியுமா?" முடியாது என்கிறார். "நானும் அப்படித்தான். கிறிஸ்தவள் என்பதைத் தவிர வேறு பெயர் எனக்கு இல்லை."

விபியா பெர்பெத்துவா என்பது அவள் பெயர். ஏறத்தாழ 22 வயது. நல்ல குடும்பம், நல்ல கல்வி, மடியில் பால்குடி மறவாத ஆண் குழந்தை. மேலே சொன்ன உரையாடலை எழுதி வைத்தவளும் அவளே. நம்பிக்கைக்காக உயிர் கொடுத்த மறைசாட்சிகளைப் பற்றிப் பிறர் எழுதியது ஏராளம். இங்கோ ஒரு பெண் சிறையில் இருந்தபடி தானே பேசுகிறாள். அதனால்தான் இந்தச் சில பக்கங்களை என்னால் தள்ளி நின்று படிக்க முடிவதில்லை.

சிறையின் இருட்டையும் நெரிசலின் புழுக்கத்தையும் கண்டு பயந்தேன் என்று ஒளிக்காமல் எழுதுகிறாள். குழந்தை பசியால் வாடுகிறது. பிறகு அவனைத் தன்னுடன் வைத்துக்கொள்ள அனுமதி கிடைக்கிறது. சிறையே எனக்கு அரண்மனையாகிவிட்டது என்கிறாள்.

தந்தை மீண்டும் வருகிறார். அவள் கைகளை முத்தமிட்டு, காலில் விழுந்து அழுகிறார். மகளே என்று கூப்பிடவில்லை, 'தலைவியே' என்கிறார். நாம் மகளை 'அம்மா' என்று கொஞ்சுகிறோம். ரோமைக் குடும்பத்தில் தகப்பன் சொல்லே சட்டம். அப்படிப்பட்டவர், நம்பிக்கையை விட்டுவிடு என்று மகளிடம் மன்றாடுகிறார். அவருடைய முதுமையை நினைத்து வருந்தினேன் என்று அவள் எழுதுகிறாள். விசாரணையில் ஆளுநர் ஹிலாரியானுஸ் கேட்டது ஒன்றே: பேரரசர்களின் நலனுக்காகப் பலி செலுத்து. "செய்ய மாட்டேன்." அவள் மனதை மாற்ற முயன்ற தந்தையைப் பிரம்பால் அடித்தார்கள். அந்த அடி தன்மேல் விழுந்தது போல வலித்தது என்கிறாள். தீர்ப்பு: கொடிய விலங்குகளுக்கு இரையாக்குவது.

உடன் கைதானவர்களில் அடிமைப் பெண் பெலிசித்தா எட்டு மாதக் கர்ப்பிணி. கர்ப்பிணியைக் கொல்லச் சட்டம் இடம் தராது. தோழர்களைப் பிரிந்து பின்னொரு நாள் தனியே சாக வேண்டியிருக்குமோ என்று கலங்கினாள். எல்லாரும் கூடி இறைவனிடம் மன்றாடினார்கள். சிறையிலேயே பெண் குழந்தை பிறந்தது. வலியில் கதறியவளைப் பார்த்துக் காவலன், விலங்குகள் முன்னால் என்ன செய்வாய் என்றான். "இப்போது படுவதை நான் படுகிறேன். அங்கே எனக்காகப் பாடுபட என்னுள் இன்னொருவர் இருப்பார்" என்றாள். குழந்தையைச் சகோதரி ஒருத்தி தன் மகளாக வளர்த்தாள்.

அரங்கில் நடப்பதை விரும்புகிறவர் எழுதட்டும் என்று பெர்பெத்துவா குறிப்பை நிறுத்துகிறாள். வேறொருவர் எழுதி முடித்தார். மார்ச் 7, பேரரசரின் மகன் கேத்தாவின் பிறந்தநாள் விளையாட்டுகள். மூர்க்கமான ஒரு பசுவை அவிழ்த்து விட்டார்கள். தூக்கி எறியப்பட்ட பெர்பெத்துவா எழுந்து உட்கார்ந்து, கிழிந்த உடையை இழுத்து மூடி, கலைந்த தலைமுடியைச் செருகிக்கொண்டாள்; விரித்த கூந்தல் துக்கத்தின் அடையாளம். பிறகு, நசுங்கிக் கிடந்த பெலிசித்தாவிடம் போய்க் கைகொடுத்துத் தூக்கிவிட்டாள். வாள் வருமுன், மேட்டுக்குடிப் பெண்ணும் அடிமைப் பெண்ணும் அந்தக் கூட்டத்தின் நடுவே சேர்ந்து நின்றார்கள்.