எந்த மூட்டுநோய் என்று எழுதித் தாருங்கள்

பெருமதிப்பிற்குரிய அவைத்தலைவர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் மூட்டு மருத்துவ வல்லுநர்களே, மருந்தாளுநர்களே, வாய்ப்பளித்த விழாக்குழுவினரே, வலியோடு படியேறி வந்திருக்கும் பெரியோர்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். சிறப்பு விருந்தினர் அவர்கள் தம் உரையைச் சுருக்கி எனக்கு நேரம் விட்டுக்கொடுத்தார்கள். அந்தப் பெருந்தன்மைக்கு நன்றி.

எடை, உணவு, மருந்து என்று மூன்றைப் பேசவேண்டும். அதற்கு முன் ஒன்று. வெளுத்ததெல்லாம் பாலல்ல, மூட்டில் வலிப்பதெல்லாம் ஒரே நோயுமல்ல.

1848-இல் லண்டன் மருத்துவர் ஆல்பிரட் கேரட், கவுட் நோயாளிகளின் இரத்தத்தில் யூரிக் அமிலம் என்ற கழிவுப்பொருள் மிகுந்திருப்பதைக் காட்டினார். அந்த அமிலம் மூட்டில் படிகமாகப் படிந்து வலிக்கும் நோய்தான் கவுட். பிறகு எவரும் செய்து பார்க்கக்கூடிய சோதனை ஒன்றையும் வகுத்தார். எப்படி? இரத்தத்தை உறையவிட்டு, பிரிந்துவந்த தெளிநீரைத் தட்டையான கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றினார். சில துளி அசிட்டிக் அமிலம் விட்டார். ஒரு லினன் நூலை அதில் போட்டு, அசைக்காமல் ஒன்றிரண்டு நாள் வைத்தார். கவுட் நோயாளியின் கிண்ணத்தில், நூலில் கற்கண்டு கட்டியதுபோல் படிகங்கள்! மற்ற மூட்டுநோயாளிகளின் கிண்ணத்தில் நூல் வெறும் நூலாகவே கிடந்தது. அவரேதான் 1859-இல் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்று இன்னொரு நோய்க்குத் தனிப்பெயர் வைத்தார்; உடலின் எதிர்ப்பாற்றலே மூட்டைத் தாக்கும் நோய் அது. அவர் பிரித்துக் காட்டியதை, மூட்டுவலிக்காரர் எல்லோருக்கும் ஒரே பத்தியச் சீட்டைக் கொடுத்து மறுபடி கலக்கலாமா?

கவுட்டுக்கு ஈரல், சிப்பி, நெத்திலி, பீர் ஆகாது. இனிப்புக் குளிர்பானமும் ஆகாது. அதிலுள்ள ஃபிரக்டோஸ் கல்லீரலில் சிதையும்போதே யூரிக் அமிலம் உண்டாகிறது. பட்டினி கிடந்தாலும் அமிலம் ஏறி வலி கிளம்பும். பருப்பையும் கீரையையும் பயந்து விலக்க வேண்டியதில்லை. ஆனால் உணவால் இரத்தத்தில் யூரிக் அமிலம் குறைவது பெரும்பாலும் டெசிலிட்டருக்கு 1 மில்லிகிராம் அளவுதான். 9 இருப்பவர் 6-க்குக் கீழே வர மாத்திரை வேண்டும்.

ருமட்டாய்டுக்கு மீன் எண்ணெய் ஓரளவு உதவும். அதிலுள்ள ஒமேகா-3 என்ற கொழுப்பு நாளுக்குச் சுமார் 2.7 கிராம், குறைந்தது மூன்று மாதம். சாதாரண 1000 மில்லிகிராம் குளிகையில் ஒமேகா-3 ஏறக்குறைய 300 மில்லிகிராம்தான் இருக்கும். ஆக ஒன்பது குளிகை! ஒன்றை விழுங்கிவிட்டு ‘பலனில்லை’ என்பவர்கள் மருந்துப் புட்டியின் பின்பக்கத்தைப் படிப்பதில்லை. இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கவேண்டாம்.

முழங்கால் தேய்மானத்தில் எடைதான் முதல் மருந்து. 1 கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்கால் சுமப்பது ஏறக்குறைய 4 கிலோ குறைகிறது. புரதமும் தொடைப் பயிற்சியும் இல்லாமல் மெலிந்தால் தசையும் சேர்ந்து போய்விடும். இந்த நோயாளிக்கு ஏன் கவுட் பத்தியம்? வெளுத்ததெல்லாம் பாலல்ல, ஐயா!

மருந்துக்குத் தனிக் கூட்டம் வேண்டும். ருமட்டாய்டுக்குத் தரும் மெத்தோட்ரெக்சேட் மருந்து வாரம் ஒருமுறை, தினமும் அல்ல. இன்று அது போதும்.

மருத்துவப் பெருமக்களே, மருந்துச் சீட்டில் ‘மூட்டுவலி’ என்று மட்டும் எழுதாதீர்கள்; எந்த வகை என்று நோயாளிக்குப் புரியும் மொழியில் எழுதுங்கள். அதைக் கேட்கும் மனு மேடையோரம் இருக்கிறது. தலைவர் அவர்கள் முதல் கையெழுத்திட வேண்டுகிறேன்.