வராத ஃபிரிட்ஜும் பூட்டாத கதவும்

நேயர்களுக்கு வணக்கம். கத்திரி வெயிலில் ஃபிரிட்ஜ் இல்லாமல் 19 நாள் குடும்பம் நடத்தியவன் நான், அந்தக் கதையைத்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

எங்கள் பழைய ஃபிரிட்ஜின் கம்ப்ரஸர் ஏப்ரல் கடைசியில் நின்றுபோனது. கடைத்தெருவில் விலை கேட்டால், அதே மாடல் இணையத்தில் மூவாயிரம் ரூபாய் குறைவு, நாலு நாளில் வரும் என்று தேதியும் போட்டிருந்தார்கள். மூவாயிரத்துக்கு ஆசைப்பட்டேன். பழையதைக் காயலான் கடைக்குக் கொடுத்து, மூலையைக் கழுவிவிட்டுக் காத்திருந்தோம்.

இட்லி மாவு காலையில் அரைத்தால் சாயங்காலமே பொங்கி வழிந்து, மறுநாள் வாயில் வைக்க முடியாத புளிப்பு. அதுகூடப் பரவாயில்லை. அம்மாவுக்கு இன்சுலின். திறக்காத குப்பிகளை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும், அவை பக்கத்து வீட்டு அக்காவின் ஃபிரிட்ஜுக்குப் போயின. போட்டுக்கொண்டிருந்த குப்பியை மூடி இறுகிய டப்பாவில் வைத்து, தண்ணீர் ஊற்றிய மண்பானைக்குள் இறக்கினோம். பானைக்கு வெளியே ஈரத்துணி, ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் அம்மாவே எழுந்து நனைப்பார்.

ஏழாம் நாள் மத்தியானம் ஒரு குறுஞ்செய்தி: 'டெலிவரிக்கு வந்தோம், வீடு பூட்டியிருந்தது.' அப்போது நான் வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன், என் மனைவி பக்கத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார், கதவு விரியத் திறந்து கிடக்கிறது! தாமதத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், இந்தப் பொய்யைத்தான் தாங்க முடியவில்லை. அப்புறம் இன்னும் ரெண்டு தடவை அதே பொய். வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டால் ஒவ்வொரு தடவையும் வேறொருவர், முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும், கடைசியில் '48 மணி நேரம் காத்திருங்கள் சார்'.

சரி என்று சட்டத்தைப் புரட்டினேன். 2020-இல் வந்த மின்வணிக விதிகளின்படி ஒவ்வொரு நிறுவனமும் குறைதீர் அதிகாரியின் பெயரையும் தொடர்பு விவரத்தையும் போட்டிருக்க வேண்டும். புகார் கிடைத்தது என்று 48 மணி நேரத்துக்குள் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்கவும் வேண்டும். செயலியின் அடி மூலையில், எறும்பு எழுத்தில் இருந்தது அந்த முகவரி. மூன்று குறுஞ்செய்திகளின் படமும், அந்த நாட்களில் எனக்கு ஓர் அழைப்புகூட வரவில்லை என்பதைக் காட்டும் போன் பதிவும் சேர்த்து அனுப்பினேன். கையோடு 1915-க்கு, அதாவது தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு, அழைத்துப் புகார் எண்ணும் வாங்கினேன். நீங்களும் முதல் வாரமே இதைச் செய்யுங்கள், என்னைப் போல் ரெண்டு வாரம் சேவை மையத்தோடு மல்லுக்கட்டாதீர்கள்.

புகார் அனுப்பிய மூன்றாம் நாள் வண்டி வந்தது. இறங்கினதும் 'ஓடிபி சொல்லுங்க சார்' என்றார் தம்பி. பெட்டியைப் பிரிச்சுப் பார்த்துட்டுச் சொல்றேன் என்றேன். பிரித்துக்கொண்டே அவரே சொன்னார்: 'இந்தப் பக்கம் நாலு சாமான் சேர்ந்தாத்தான் வண்டி எடுப்பாங்க சார், அதுவரைக்கும் வீடு பூட்டியிருக்குன்னு போட்டுருவாங்க.' அவரைக் கோபித்து என்ன பயன், மோர் கொடுத்தோம்.

நிமிர்த்தி வைத்து நாலு மணி நேரம் கழித்துத்தான் சுவிட்ச் போடணும் என்று சொல்லிப் போனார். ராத்திரி எட்டரைக்குப் போட்டோம். உள்ளே குளிர் ஏறுகிறதா என்று அம்மா கையை விட்டுப் பார்த்தார், அப்புறம் பானைக்குள்ளிருந்த டப்பாவை எடுத்து முந்தானையில் ஈரம் துடைத்துக் கதவுத் தட்டில் வைத்தார்.